பதினொன்றாம் கூண்டு

பதினொன்றாம் நம்பர் அன்றைக்கு ஓடவில்லை. கூண்டின் மூடியைத் திறந்தால் எலி ஓட வேண்டும், அது எலியாகப் பிறந்ததற்கு அடையாளம். பதினான்கு வருஷமாக எலிகளை எடை போடுகிறவள் நான். என் கைக்குத் தப்பி ஓடாத எலியை நம்பமாட்டேன். அதிலும் பட்டினி கிடக்கிற எலி சும்மா இருக்கவே இருக்காது. மூடியில் விரல் பட்டதுமே பின்னங்காலில் எழுந்து நின்று, என்ன கொண்டுவந்தாய் என்று மூக்கை ஆட்டும். பதினொன்று மூலையில் மரத்தூளைக் குவித்து அதன் நடுவே சுருண்டு உட்கார்ந்திருந்தது. முதுகு கூன் போட்டிருந்தது, மயிர் சிலிர்த்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கையுறையைத் தாண்டிக் குளிர் தெரிந்தது.

"உனக்கு என்னடா வந்துச்சு" என்று வாய்விட்டே கேட்டேன். டப்பாவைத் தராசில் வைத்து, பூஜ்யத்தை அழுத்தி, பிறகு எலியை உள்ளே விட்டேன். பதினெட்டரை கிராம். நான்கு நாளைக்கு முன் இருபத்துமூன்று இருந்தது. தாளில் எழுதினேன். பட்டினிச் சோதனையில் எல்லா எலியும்தான் இளைக்கும், அதை எழுதுவதற்குக் கட்டம் போட்டிருக்கிறது. எலி குளிர்ந்திருக்கிறது, ஓடவில்லை என்று எழுதுவதற்குக் கட்டம் எதுவும் இல்லை. அதனால் அதை நான் எங்கேயும் எழுதவில்லை.

சோதனை எங்கள் ஆராய்ச்சி மாணவியுடையது. எலிக்கூடத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் 'இன்னொருதடவை'. எடை போட்டு எழுதி முடித்து நிமிர்ந்தால், "கோவிச்சுக்காதீங்கக்கா, இன்னொரு தடவை போட்டுடலாமா?" என்று வந்து நிற்பாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவாள். நல்ல பெண். மூன்று வருஷமாக ஒரே ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள். கிரெலின் என்று ஒரு ஹார்மோன். இரைப்பை காலியானதும் இரைப்பையின் சுவரே அதைச் சுரந்து ரத்தத்தில் விட்டு, மூளைக்குப் 'பசிக்குது' என்று சொல்லியனுப்புமாம். பசி ஹார்மோன் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். அப்படியென்றால் அது இல்லாமல் பிறந்த எலி சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கக் கூடாது அல்லவா? அதுதான் இல்லை. அது இல்லாத எலியும் மற்ற எலிகளைப்போலவே வேளாவேளைக்குத் தின்று, உருண்டு திரண்டு, குட்டியும் போட்டது. "அப்புறம் அது எதுக்குத்தான்க்கா இருக்கு?" என்று என்னிடம் சண்டைக்கு வருவதுபோலக் கேட்பாள், ஏதோ நான்தான் அதைச் செய்து எலிக்குள் வைத்த மாதிரி.

பதிலையும் அவளே வைத்திருந்தாள். அந்த ஹார்மோன் பஞ்சகாலத்துக்காக இருக்கிறது என்பது அவள் யோசனை. வயிறு நிறையக் கிடைக்கிற நாளில் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கிடைக்காத நாளில், உடம்பிலிருக்கிற கொழுப்பெல்லாம் கரைந்த பிறகு, ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். இதை நிரூபிக்கப் பதினாறு எலிகள், பதினாறு கூண்டுகள். எட்டில் அந்த ஹார்மோன் உண்டு, எட்டில் கிடையாது. எந்தக் கூண்டில் எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் கையும் கண்ணும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பட்டியலை அவளுக்கு வழிகாட்டியான மேடம் ஒரு உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். ஏழு நாள். ஒவ்வொரு எலிக்கும் வழக்கமாகத் தின்பதில் பாதிக்கும் குறைவு, அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே வேளை. கடைசி மூன்று நாள் தீவனம் வைப்பதற்கு முன் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பாள். ரொம்பவும் விழுந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றிவிடுவது என்றும் விதியில் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் ஆயிற்றா?

சோதனை ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, தராசைத் துடைத்துக்கொண்டே, சும்மா கேட்பதுபோல அவளிடம் ஒன்று கேட்டிருந்தேன். "இரைப்பையே இல்லன்னா அந்த ஹார்மோன் என்ன ஆகும்?"

"எடுத்துட்டாலா? சூப்பர் கேள்விக்கா! முக்கால்வாசி அங்கதானே சுரக்குது. எடுத்துட்டா சட்டுன்னு குறைஞ்சுபோயிடும்" என்றாள் உற்சாகமாக. நானும் சிரித்து வைத்தேன். என் வீட்டில் இரைப்பை இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. வேலை செய்கிற இடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள், பரிதாபத்தை வாங்கி வைக்க என்னிடம் இடமில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கட்டி. எடுத்தது நல்லபடியாக எடுத்தாயிற்று, திரும்ப வரவில்லை என்றுதான் எல்லாப் படமும் சொல்கிறது. உணவுக்குழாயை நேராகக் குடலோடு தைத்துவிட்டோம் என்று டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டியபோது, என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் குழாய் வேலை செய்த மனுஷன். "ஜாயின்ட் கசியாம இருக்கா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: இனிமேல் பசி எடுக்காது, எடுக்குமென்று காத்திருக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடை பாருங்கள். ஐம்பது கிலோவுக்குக் கீழே போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் வாருங்கள், மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்ட வேண்டியிருக்கும். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் குழா போட்டவன் நான். எனக்கே போடுவாங்களாம், பாத்துக்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை ஈரமாக இருந்தது.

ஐம்பத்தெட்டில் இருந்தவர் மளமளவென்று ஐம்பத்திரண்டுக்கு வந்தார். அந்த ஐம்பத்திரண்டில் நின்றுவிட்டார். வாராவாரம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, முள் வைத்த பழைய எடை மெஷினைச் சமையலறை வாசலில் வைப்பேன். வேலைக்குப் போடுகிற அந்த ஆறு பாக்கெட் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டபடி ஏறி நிற்பார். "கழட்டினா குளிருது" என்பார். இப்போதெல்லாம் அவருக்கு எப்போதும் குளிர்கிறது, நல்ல வெயிலிலும். ஐம்பத்திரண்டு. நோட்டில் எழுதுவேன். வெளியூரிலிருக்கும் மகனுக்கு நம்பரை மட்டும் அனுப்புவேன், அவன் ஒரு கட்டைவிரலை அனுப்புவான். கன்னம் மட்டும் ஒட்டிக்கொண்டே போகிறதே என்று எனக்குத் தோன்றும். ஆனால் நான் கண்ணை நம்புகிறவள் இல்லை, தராசை நம்புகிறவள். தராசு சொன்ன பிறகு என்ன பேச்சு?

அன்று, அந்த நான்காம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு எலி அறைக்குள் போனேன். பதினொன்று விட்ட இடத்திலேயே இருந்தது. அதன் மூச்சு மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தீவனக் கட்டியின் ஓரத்தைக் கிள்ளி, ஒரு பயறு அளவு, அதன் மூக்கின் முன்னால் போட்டேன். நகர்ந்து வந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து, அவசரமே இல்லாமல் கொறித்தது. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் பின்னங்காலில் நின்றுகொண்டிருக்கிறது! ஐந்து மாதமாக நான் அப்படி மூச்சு விட்டதில்லை. யார் சாப்பிட்டு யார் தேறினால் என்ன, என் கையால் ஒன்று தேறியது.

ஒன்றோடு நின்றேனா? அடுத்த நாள் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தேன். பாதி எலிகள் இளைத்திருந்தாலும் துறுதுறுவென்று இருந்தன, கம்பியைக் கடித்துக்கொண்டும், காலித் தீவனத் தட்டை உலுக்கிக்கொண்டும். சில மட்டும் பதினொன்றைப்போல ஒடுங்கிக் கிடந்தன. இரண்டு, ஆறு, ஏழு, ஒன்பது, பதினான்கு, பதினாறு. அவற்றுக்கும் மதியத்தில் ஆளுக்கொரு துணுக்கு. மூன்றாம் நம்பர் மரத்தூளுக்குள் புதைந்து கிடந்தது, முதுகு மட்டும் தெரிந்தது. அது முதல் வாரமே கையுறையோடு சேர்த்து என் கட்டைவிரலைக் கடித்த எலி. தூங்குகிறது, கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். கிட்டேயே போகவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் மாணவி எடைத்தாளை வைத்துக்கொண்டு நெற்றியைச் சொறிந்தாள். "அக்கா, சிலதுக்கு எடை குறையறதே நின்னுபோச்சு. இன்னொரு தடவை போடலாமா?"

மறுபடியும் போட்டேன். அதே நம்பர். "தராசு சரியாத்தான் இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. அவள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எதையும் மூன்று தடவை சரிபார்க்கிறவளுக்கு என்னைச் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன்.

ஏழாம் நாள் மூன்றாம் நம்பரின் ரத்தத்தை வைத்ததும் சர்க்கரை மெஷின் நம்பரே காட்டவில்லை, 'குறைவு' என்று மட்டும் காட்டியது. அவள் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். பத்து நிமிஷத்தில் அது தலையைத் தூக்கியது. மற்ற பதினைந்தும் தாங்கி நின்றன. மறுநாள் உறையைப் பிரித்து, இந்த எட்டையும் அந்த எட்டையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தார்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எலி பட்டினியைத் தாங்குகிறது, மூன்றாம் நம்பருக்கு மட்டும் ஏதோ கோளாறு. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். மேடம் வேறு தலைப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கூண்டு கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட கூண்டின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். "யோசனையே தப்புக்கா. மூணு வருஷமா தப்பான இடத்துல தோண்டிட்டிருந்தேன். முட்டாள்."

"சாப்பிட்டியா?" என்றேன். வேறு என்ன கேட்க எனக்குத் தெரியும்?

"பசிக்கல."

அந்த வார்த்தையை என் வீட்டில் நாளைக்கு ஆறு தடவை கேட்கிறேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. சொன்னால் எலி அறைச் சாவியை வாங்கிவிடுவார்கள், வாங்க வேண்டியதுதான். பிறகு வீட்டில் உட்கார்ந்து, அவர் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்பூனால் கோலம் போடுவதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்க்க வேண்டும். அதை நினைத்தாலே ஓடிப்போகலாம் போலிருந்தது. பதினான்கு வருஷத்தில் ஒரு நம்பரைத் திருத்தி எழுதியதில்லை நான். இப்போதும் திருத்தவில்லை, நம்பரெல்லாம் நிஜம். எலிகளைத்தான் திருத்திவிட்டேன். இரண்டு நாள் அவள் எதிரே வந்தால் நான் ஸ்டோர் ரூமுக்குள் புகுந்துகொண்டேன்.

ஞாயிறு வந்தது. ஏழு மணிக்கு அவர் ஏறி நின்றார், ஐம்பத்திரண்டு. எழுதினேன். அரைக் கிண்ணம் சூப்பை அரை மணி நேரம் குடித்துவிட்டு, லுங்கிக்கு மாறி, கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். பேன்ட் நாற்காலியில் கிடந்தது. துவைத்து நாளாயிற்றே என்று இருந்த துணியோடு அதையும் மொத்தமாக வாரி, கனம் தெரியாமலே வாஷிங் மெஷினில் போட்டு ஓடவிட்டேன். ஒரு சுற்றுதான். உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலக் கடகடவென்று சத்தம். பதறிப்போய் நிறுத்தி, ஈரத்தோடு வெளியே இழுத்தேன். என் கையில் கனத்தது.

முட்டிப் பக்கத்துப் பாக்கெட்டில் இரண்டு, பின்பாக்கெட்டில் இரண்டு, பக்கப் பாக்கெட்டுகளில் மூன்று. எல்லாம் பித்தளை. குழாய் மூட்டுகள், வால்வுகள், பெரிய நட்டுகள். அவர் கருவிப் பையில் கிடந்தவை. ஒவ்வொன்றையும் பழந்துணியில் சுற்றி நூல் கட்டியிருந்தார், சத்தம் வரக் கூடாதென்று. இரண்டு மூன்றில் துணி அவிழ்ந்திருந்தது. மொத்தம் ஏழு. ஐம்பத்திரண்டு நின்று எத்தனை வாரம் என்று நோட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். ஏழு வாரம். வாரத்துக்கு ஒன்று. உடம்பிலிருந்து எவ்வளவு போயிற்றோ அவ்வளவுக்கு ஒரு பித்தளை என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு ஏற்றியிருக்கிறார் பாவி மனுஷன். குழாய் வேலையிலும் அவர் அளவு தப்பாது.

ஈரத்தைத் துடைத்து ஏழையும் சமையலறைத் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது. ஐம்பத்திரண்டிலிருந்து கழித்தால் நாற்பத்தொன்பது சொச்சம். அந்தப் பேன்ட்டே ஒரு கிலோ இருக்கும். எலியை எடை போடும் முன்னால் டப்பாவை வைத்துப் பூஜ்யத்தை அழுத்துகிறவள் நான். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை அழுத்துகிறேன். கட்டின புருஷனின் பேன்ட்டைக் கழிக்க வேண்டும் என்று ஏழு வாரமாக எனக்குத் தோன்றவில்லை பார்! தலையில் அடித்துக்கொண்டேன்.

கத்தி எழுப்பி, இதென்ன கூத்து என்று கேட்கத்தான் உள்ளே போனேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்கு மேலே கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. முழங்காலை நெஞ்சோடு மடக்கி, மூலையோடு ஒட்டி, பதினொன்றாம் நம்பர் எப்படிக் கிடந்ததோ அப்படி. என்ன கேட்பது? ஏன் பொய்யான நம்பரைக் காட்டினீர்கள் என்றா? கேட்கிற வாய் எது? நான் பயப்படக் கூடாது என்று அவர் செய்தார், குழாய்க்குப் பயந்தும் செய்தார். நானும் பயந்துபோய்த்தான் செய்தேன். எதிரே ஒருத்தி தராசை நம்பி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. பித்தளைகளைத் துணியில் சுற்றி, நூலைக் கட்டி, இருந்த பாக்கெட்டுகளிலேயே திரும்ப வைத்தேன். பேன்ட்டை ஈரத்தோடு நாற்காலியில் போட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், தெரியும். ஆனால் ஏற்கனவே ஒருத்தியிடம் மறைத்துவிட்டு வந்திருக்கிறவளுக்கு, அந்த நிமிஷம் வாய் எழவில்லை. இரவெல்லாம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை மாணவி தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "மதியத்துல தீவனம் வச்சேன்" என்றேன். "நாலாம் நாள்லேருந்து. மூணு நாலு தடவை. பயறு அளவுதான். உன் யோசனை தப்பில்ல. நான்தான் கெடுத்துட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. "ஏன்க்கா?" என்று கேட்டாள். பிறகு குரல் உயர்ந்தது. "ஏன்க்கா? மூணு வருஷம்! நீங்க ஒருத்தர் தப்பு பண்ண மாட்டீங்கன்னுதான் உங்க தாளை மட்டும் நான்..." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வீட்டுக் கதையைச் சொன்னேன். இரைப்பை, ஐம்பத்திரண்டு, பித்தளை எல்லாம். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், நடக்கவில்லை. அவள் ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாக இருந்தது. "எந்தெந்தக் கூண்டு?" என்றாள்.

"இரண்டு, ஆறு, ஏழு, ஒன்பது, பதினொண்ணு, பதினாலு, பதினாறு."

"எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"தேர்ந்தெடுக்கல. ஓடல, அதான். கையில எடுத்தா ஜில்லுனு இருந்துச்சு."

காகிதக் கட்டிலிருந்து உறையை உருவினாள். பட்டியலை விரித்து, என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். இன்னொரு தடவை. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு நம்பரிலும் விரலை வைத்தாள். ஏழாவது நம்பரில் விரல் நின்றது. "ஏழும் ஹார்மோன் இல்லாதது" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஒண்ணுகூட மாறலக்கா. இல்லாதது மொத்தம் எட்டு. எட்டாவது எது தெரியுமா? மூணாம் நம்பர்."

என்னைக் கடித்த எலி. நான் இரக்கப்படாமல் விட்ட எலி. அது ஒன்றுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறது, அதைத்தான் கோளாறு என்று ஒதுக்கி வைத்தார்கள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, புதிதாகக் கட்டம் போட ஆரம்பித்தாள். எடை, சர்க்கரை. அதற்குப் பக்கத்தில் இரண்டு புதுக் கட்டம். ஓடுதா? சூடா இருக்கா?

"மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்க்கா. மறைக்க மாட்டேன். உங்க வேலையை என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

"சொல்லு" என்றேன்.

"இன்னொரு தடவை செய்ய விட்டா, தீவனத்தை வேற ஆள் வைக்கட்டும். பார்க்கறது நீங்க. போதும், நிறுத்துன்னு நீங்க சொன்ன நிமிஷம் சர்க்கரைத் தண்ணி கொடுத்துடலாம். மெஷின் சொல்றதுக்கு மூணு நாள் முன்னாடியே நீங்க பாத்திருக்கீங்க." பிறகு, தலையைத் தூக்காமலே, "வீட்டுக்குப் போங்கக்கா. இன்னிக்கே அவரைப் பாருங்க" என்றாள்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது மதியம் இரண்டு மணி. காலையில் நான் மூடி வைத்துவிட்டுப் போன கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பேன்ட் காய்ந்திருந்தது, அதைத்தான் போட்டிருந்தார். "என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட?" என்றார். செருப்பைக் கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தேன். எலிகளைப் பற்றிச் சொன்னேன். பதினொன்று ஓடாதது, பயறு அளவுத் துணுக்கு, மூன்றாம் நம்பர், பட்டியலில் நின்ற விரல். பித்தளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பாவம்னு நெனச்சு வச்சேங்க. அதனால அதுக்கு என்ன ஆகுதுன்னே யாருக்கும் தெரியாம போச்சு" என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பேன்ட்டின் முழங்காலில் நேற்றைய சோப்புக் கறை வெள்ளையாக இருந்தது, அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பேன்ட் ஏன் ஈரமாகக் கிடந்தது என்று நேற்றிலிருந்து அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"மூணாம் நம்பர் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு. நேத்து மறுபடியும் யாரையோ கடிச்சுதாம்."

லேசாகச் சிரித்தார். பிறகு முழங்கால் பாக்கெட்டின் பொத்தானைத் திறந்து, துணி சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்னொன்று. அவசரப்படாமல், எண்ணுவதுபோல, ஏழையும் வரிசையாக வைத்தார். எழுந்து பேன்ட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, லுங்கியை எடுத்து மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கால் இரண்டும் குச்சியாக இருந்தன. நான் எடை மெஷினைச் சமையலறை வாசலில் கொண்டுவந்து வைத்தேன். ஏறுவதற்கு என் தோளைப் பிடித்தவர், ஏறியதும் கையை எடுத்துவிட்டார்.

"குழா போடுவாங்களா?"

"போட்டா போடட்டும். நான் பக்கத்துல இருப்பேன்."

"குளிருது. சட்டுனு பாத்து எழுது" என்றார், நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தரையில் குந்தினேன். முள் விசுக்கென்று போய்த் திரும்பி வந்தது, மறுபடி போனது. ஐம்பதுக்குக் கீழேயே நின்று ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.